கார் இன்சூரன்ஸ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி: விலையைக் கடைசியில் பாருங்கள்

புதுப்பிக்கும் நாள் நெருங்கியதும் நாலைந்து நிறுவனங்களின் விலையை வரிசையாக வைத்து, குறைவாக உள்ளதை எடுப்பதுதான் பலரின் வழக்கம். அந்த நாலைந்து விலையும் ஒரே பொருளுக்கானவையாக இருப்பது அபூர்வம். ஒன்றில் காரின் மதிப்பைக் குறைத்துப் போட்டிருப்பார்கள். இன்னொன்றில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை ஏற்றியிருப்பார்கள். மூன்றாவதில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் கிடைக்கும். எனவே முதலில் என்ன காப்பு வேண்டும், அடுத்து எந்த ஒர்க்‌ஷாப், அதன் பிறகு நிறுவனம் கிளைம்களை எப்படி நடத்துகிறது, கடைசியில் விலை என்ற வரிசையில் போனால் ஏமாறும் வாய்ப்பு குறையும்.

எதற்குக் காப்பு வேண்டும்?

சட்டம் கட்டாயமாக்குவது பொதுவாக மூன்றாம் நபர் காப்பு மட்டுமே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927-லும், பிரிட்டன் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும் இதைக் கட்டாயமாக்கின. இன்று பெரும்பாலான நாடுகளில் இது கட்டாயம். உங்கள் கார் மோதி அடுத்தவருக்கு ஏற்படும் காயம், உயிரிழப்பு, சொத்துச் சேதம் ஆகியவற்றுக்குத்தான் இது பணம் தரும். உங்கள் கார் நொறுங்கினாலும் திருடு போனாலும் ஒன்றும் கிடைக்காது. இந்தக் காப்பில் பார்க்க வேண்டியது வரம்பு. பல அமெரிக்க மாநிலங்களில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வரம்பு, ஒருவர் சில நாள் மருத்துவமனையில் இருந்தாலே தீர்ந்துவிடும். மீதியை உங்கள் சொத்திலிருந்து கேட்பார்கள். அங்கே இருப்பவர்கள் மற்ற எதையும் யோசிக்கும் முன் இந்த வரம்பை உயர்த்த வேண்டும்.

சில இடங்களில் தேர்வுக்கே இடமில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அடிப்படைக் காப்பை அரசு நிறுவனத்திடம்தான் வாங்க முடியும். கூடுதல் காப்புகளுக்கு மட்டுமே மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடலாம்.

மூன்றாம் நபர் காப்போடு உங்கள் காருக்கான சொந்தச் சேதக் காப்பும் சேர்ந்தால் அது முழுக் காப்பு. சொந்தச் சேதக் காப்பு தேவையா என்பது காரின் இன்றைய மதிப்பைப் பொறுத்தது. அந்த மதிப்பிலிருந்து, ஒரு கிளைமில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கைக் கழியுங்கள். அதிகபட்சமாகக் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான். சொந்தச் சேதத்துக்கான ஆண்டு பிரீமியம் அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், தீயும் திருட்டும் சேர்ந்த மூன்றாம் நபர் காப்போடு நிறுத்திக்கொள்வதை யோசிக்கலாம். கார் முழுவதுமாகப் போனால் வேறொன்று வாங்கக் கையில் வழியில்லை என்றால் மட்டும், கணக்கு எப்படி வந்தாலும் முழுக் காப்பை விட வேண்டாம்.

காரின் மதிப்பில் விளையாட வேண்டாம்

பாலிசியில் காரின் மதிப்பாக எழுதப்படும் தொகையை இந்தியாவில் ஐடிவி என்பார்கள். உற்பத்தியாளரின் பட்டியல் விலையிலிருந்து காரின் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழிப்பார்கள்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. பிரிட்டனில் இழப்பு நடந்த நேரத்துச் சந்தை மதிப்பே அளவுகோல். மலேசியாவில் சந்தை மதிப்பு அல்லது முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு என இரண்டு வகை பாலிசிகள் கிடைக்கின்றன. முழு இழப்பில் பேரம் பேச இடமில்லாததால் ஒப்புக்கொண்ட மதிப்பு நிம்மதியானது.

விலையைக் குறைத்துக் காட்ட விற்பனையாளர் முதலில் கை வைப்பது இந்த மதிப்பில்தான். திருடு போனால் குறைவாகக் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காத இன்னொரு விளைவு உண்டு. இந்தியாவில் பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். சரியான மதிப்பு 100 என்றால் அந்தக் கோடு 75-ல் இருக்கும். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க மதிப்பை 80 ஆக்கினால் கோடு 60-க்கு இறங்கிவிடும். 65 செலவில் சரிசெய்திருக்கக்கூடிய கார் அப்போது முழு இழப்பாகி, 80 மட்டும் கைக்கு வரும். அந்தப் பணத்தில் அதே போன்ற கார் வாங்க முடியாது. சந்தை மதிப்பைவிடக் குறைவாகக் காப்பிட்டால், சில நாடுகளில் சிறு சேதத்துக்கும் அதே விகிதத்தில் வெட்டிக் கொடுப்பார்கள். மதிப்பை ஏற்றிப் போடுவதிலும் பயனில்லை. சந்தை மதிப்பை அடிப்படையாகக் கொண்ட பாலிசியில் கூடுதல் பிரீமியம் வீணாகத்தான் போகும்.

பில்லில் எங்கே வெட்டு விழும்?

முன் பம்பர் உடைந்த ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பம்பர் பிளாஸ்டிக், கிரில் பிளாஸ்டிக், ஹெட்லைட்டும் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். இந்தியாவின் வழக்கமான முழுக் காப்பில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், ட்யூப், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதமும், ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். இன்றைய காரில் நகரத்துச் சிறு மோதல் என்றாலே பிளாஸ்டிக் பில்தான். அதனால்தான் தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ கூடுதல் காப்பு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அதன் விலைக்குத் தகும் என்று உறுதியாகச் சொல்லலாம். அதிலும் இரண்டு நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்: ஓராண்டில் எத்தனை கிளைமுக்கு இது செல்லும், கார் எத்தனை வயதாகும் வரை தருவார்கள். நிறுவனங்களுக்கிடையே பெரிய வேறுபாடு தெரிவது இங்கேதான்.

தண்ணீர் தேங்கும் பகுதியில் ஓடும் காருக்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு தேவை. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். தண்ணீரை அமுக்க முடியாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரணப் பாலிசி இதை விபத்துச் சேதமாகப் பார்ப்பதில்லை. பிறகு நடந்த செயலால் வந்த விளைவு என்று சொல்லி மறுத்துவிடும். வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதத்துக்கு, அதாவது இருக்கை, கார்ப்பெட், வயரிங் போன்றவற்றுக்கு, முழுக் காப்பிலேயே பணம் கிடைக்கும். எஞ்சின் பாதுகாப்பு வாங்கியிருந்தாலும் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்வதே சரி. ஏனென்றால் சில பாலிசிகள் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயன்றதைக் காரணம் காட்டிக் குறைப்பதுண்டு.

புதிய கார் வைத்திருப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று. முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள காரில் கண்ணாடியை மாற்றினால், அந்தக் கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தானியங்கி பிரேக்கும் லேன் உதவியும் தவறாக வேலை செய்யலாம். இதற்கான செலவு கண்ணாடிக் காப்புக்குள் வருமா, நிறுவனம் அனுப்பும் கண்ணாடிக் கடைக்கு அந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். மின்சாரக் கார் என்றால் பேட்டரியின் அடிப்பகுதிச் சேதம், வீட்டுச் சார்ஜர், சார்ஜிங் கேபிள் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எஞ்சின் ஆயில், கூலன்ட், ஏசி வாயு, நட்டு போல்ட் போன்ற நுகர்பொருள்களுக்கான காப்பு சிறியதுதான், விலையும் சிறியதுதான். விரும்பினால் சேர்க்கலாம். சாவி தொலைந்தால் தரும் காப்பு, தினப்படி போன்றவற்றைப் பெரும்பாலோர் விட்டுவிடலாம்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து தொடங்குங்கள்

விபத்து நடந்தால் காரை எந்த ஒர்க்‌ஷாப்பில் விடுவீர்களோ, அங்கே ஒருமுறை நேரில் போங்கள். வாடிக்கையாளர் பகுதியில் இருப்பவரைவிட, இன்சூரன்ஸ் வேலைகளைக் கவனிப்பவரைப் பாருங்கள். சேதத்தை மதிப்பிடப் பல நிறுவனங்கள் அனுப்பும் சர்வேயர்களோடு தினமும் பேசுபவர் அவர்தான். இவற்றைக் கேளுங்கள்:

- எந்த நிறுவனங்களோடு உங்களுக்குக் கேஷ்லெஸ் ஒப்பந்தம் (பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) இப்போது நடப்பில் இருக்கிறது?
- காரைச் சேர்த்ததிலிருந்து சர்வேயர் பார்க்க எத்தனை நாள் ஆகிறது?
- பிரித்த பிறகு கூடுதல் சேதம் தெரிந்தால், திருத்திய மதிப்பீட்டுக்கு அனுமதி வர எவ்வளவு நேரம்?
- ‘மாற்று’ என்று நீங்கள் எழுதியதை ‘தட்டிச் சரிசெய்’ என்று அடிக்கடி மாற்றுவது யார்?
- அசல் பாகத்துக்கு அனுமதி தருகிறார்களா, வேறு தயாரிப்பாளரின் பாகத்தைப் போடச் சொல்கிறார்களா?

மூன்றாவது கேள்விதான் இவற்றில் முக்கியம். வெளியே பம்பர் மட்டும் உடைந்ததாகத் தெரியும். பிரித்தால் ரேடியேட்டர் தாங்கியும் சென்சார் வயரிங்கும் போயிருக்கும். இரண்டாவது அனுமதி வரும்வரை கார் பிரித்த நிலையிலேயே கிடக்கும். வாரக்கணக்கில் தாமதமாகும் கிளைம்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் நின்றிருப்பது இந்த இடத்தில்தான். மாற்றுக் கார் தரும் காப்பு எடுத்திருந்தாலும், அதற்கான நாட்கள் இந்தக் காத்திருப்பிலேயே தீர்ந்துவிடக்கூடும்.

நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டிருக்கும் ‘ஆயிரக்கணக்கான ஒர்க்‌ஷாப்’ என்ற எண்ணிக்கையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. உங்கள் காரின் தயாரிப்பைப் பழுதுபார்க்கத் தெரிந்த, நீங்கள் ஓட்டும் சுற்றளவுக்குள் இருக்கும் இரண்டு இடங்கள் பட்டியலில் இருந்தால் போதும். பட்டியலில் இல்லாத இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் நிறுவனம் அங்கீகரித்த ஒர்க்‌ஷாப்பில் மட்டும் பழுதுபார்க்கும் பாலிசி ஒரு விலையிலும், எங்கும் பழுதுபார்க்கலாம் என்பது அதிக விலையிலும் விற்கிறது. பிரிட்டனில் சொந்தமாக இடம் தேர்ந்தெடுத்தால் உங்கள் பங்கைச் சில நிறுவனங்கள் கூட்டிவிடும்.

கிளைம் எண்களைப் படிப்பது

விளம்பரத்தில் ‘98 சதவீத கிளைம் தீர்வு’ என்று பார்த்தவுடன் நம்பிவிட வேண்டாம். அந்த எண் எத்தனை கிளைமுக்குப் பணம் தரப்பட்டது என்பதைச் சொல்கிறது, எவ்வளவு தரப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. 100 கேட்டவருக்கு 55 கொடுத்திருந்தாலும் அது தீர்ந்த கிளைம்தான்.

அதைவிடப் பயனுள்ளது, வந்த பிரீமியத்தில் எவ்வளவு கிளைமாகப் போனது என்ற விகிதம். வாகனப் பிரிவுக்கு, அதிலும் சொந்தச் சேதத்துக்கு மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் வழக்குகள் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் இழுப்பதால் அந்த எண் குழப்பும். விகிதம் மற்றவர்களைவிட மிகவும் கீழே இருந்தால், விலை அதிகம் அல்லது கொடுப்பது குறைவு. தொடர்ந்து 100-க்கு மேலே இருந்தால் அந்த விலை நீடிக்காது. அடுத்த ஆண்டு ஏற்றுவார்கள், அல்லது கிளைமில் இறுக்குவார்கள். நடுவில் இருந்து, மூன்று ஆண்டுகளாகப் பெரிதாக ஆடாமல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தன் இணையதளத்தில் பொது வெளியீடுகள் என்ற பகுதியில் காலாண்டுக் கணக்குகளைப் போட வேண்டும். கிளைம்கள் எத்தனை நாள் நிலுவையில் உள்ளன, எத்தனை புகார்கள் வந்தன என்பதும் அதில் இருக்கும்.

புகார்களை எண்ணிக்கையாகப் பார்க்காமல் நிறுவனத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மாநில ஒழுங்குமுறை அதிகாரிகளின் கூட்டமைப்பு வெளியிடும் புகார்க் குறியீட்டில் 1 என்பது சராசரி. 2 என்றால் அளவுக்கேற்ப வர வேண்டியதைப் போல் இரு மடங்கு புகார். பிரிட்டனின் நிதிக் குறைதீர்ப்பு அமைப்பு, தன்னிடம் வந்த புகார்களில் எத்தனை வாடிக்கையாளர் பக்கம் தீர்ந்தன என்பதை நிறுவன வாரியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. நிறுவனத்தின் முடிவு எத்தனை முறை தவறு என்று வெளியாள் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்பதை இது நேராகக் காட்டுகிறது. அது கிடைக்கும் நாட்டில் அதையே முதலில் பாருங்கள்.

நிறுவனத்தின் நிதி பலத்துக்கு ஒரு பார்வை போதும். இந்தியாவில் கடன் தீர்க்கும் திறன் விகிதம், அதாவது நிறுவனத்தின் கையிலுள்ள உபரி மூலதனம் விதிப்படி தேவையானதைப் போல் எத்தனை மடங்கு என்பது, குறைந்தது 1.5 இருக்க வேண்டும். அதை ஒட்டியே தவழும் நிறுவனத்தைத் தவிர்க்கலாம். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 2001-ல் ஆஸ்திரேலியாவில் எச்ஐஎச், பிரிட்டனில் இண்டிபெண்டன்ட் இன்சூரன்ஸ் ஆகிய பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் அடுத்தடுத்து விழுந்தன. வரப்போகும் கிளைம்களுக்கு ஒதுக்கி வைத்த பணம் போதாமல் போனதே இரண்டுக்கும் பொதுவான காரணம்.

போனஸ் கணக்கும் உங்கள் பங்கும்

கிளைம் செய்யாத ஆண்டுகளுக்கான தள்ளுபடியைத்தான் போனஸ் என்பார்கள். அது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் அது 20, 25, 35, 45, 50 சதவீதமாக ஏறும். அதுவும் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டும். ஒரு கிளைம் வந்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். மலேசியாவில் 25, 30, 38.33, 45, 55. அங்கும் உங்கள் கிளைம் பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். சிங்கப்பூரில் ஆண்டுக்குப் பத்தாக 50 வரை ஏறி, ஒரு கிளைமுக்கு 30 இறங்கும்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் 100, உங்களுக்கு 50 சதவீதத் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைம் இல்லாவிட்டால் ஆண்டுதோறும் 50 கட்டுவீர்கள். இந்தியாவில் ஒரு கிளைம் செய்தால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் 100, 80, 75, 65, 55 என்று கட்ட நேரும். கூடுதலாகப் போவது 125. சிங்கப்பூரில் அதே நிலையில் கூடுதல் 30, 20, 10, ஆக 60. எனவே இந்தியாவில் கையில் கிடைக்கும் தொகை தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியத்தைப் போல் ஒன்றேகால் மடங்குக்குக் குறைவாக இருந்தால் கிளைம் செய்யாமல் சொந்தப் பணத்தில் சரிசெய்வதே லாபம். சிங்கப்பூரில் அந்தக் கோடு இந்தியாவில் இருப்பதில் பாதிக்கும் சற்றுக் கீழே இருக்கிறது. போனஸைக் காக்கும் கூடுதல் காப்பு சதவீதத்தை மட்டுமே காக்கும். அடிப்படைப் பிரீமியத்தை நிறுவனம் ஏற்றுவதை அது தடுக்காது.

விருப்பப்பட்டு உங்கள் பங்கைக் கூட்டிக்கொண்டால் பிரீமியம் குறையும். பங்கு 60 கூடி, பிரீமியம் ஆண்டுக்கு 9 குறைகிறது என்றால், கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டினால்தான் சமமாகும். ஐந்து ஆண்டுக்குள் சமமாகாத பேரத்தை எடுக்க வேண்டாம்.

விலை கேட்கும்போது

காலாவதியாவதற்கு மூன்று அல்லது நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். கடைசி நாளில் வாங்குபவருக்குப் பிரிட்டன் போன்ற சந்தைகளில் விலையே கூடுகிறது. இந்தியாவில் காலாவதியாகி 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் முழுவதும் போய்விடும். ஒரு நாள் விட்டாலே கார் ஆய்வு கேட்பார்கள்.

ஒரு தாளில் காரின் மதிப்பு, உங்கள் பங்கு, போனஸ் சதவீதம், ஓட்டுநர்கள், பயன்பாடு, கூடுதல் காப்புகள் ஆகியவற்றை எழுதி, எல்லா நிறுவனங்களிடமும் அதே விவரத்தைக் கொடுங்கள். ஒப்பீட்டுத் தளங்களில் மதிப்பும் பங்கும் தானாகவே மாறி நிற்கும். ஒவ்வொரு விலையையும் திறந்து பார்க்க வேண்டும். பழைய நிறுவனத்திடமும் புதிய வாடிக்கையாளர் போல ஒரு விலை கேளுங்கள். 2022 ஜனவரி முதல் பிரிட்டனில் பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிகம் கேட்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. அப்படி விதி இல்லாத நாடுகளில் விசுவாசத்துக்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

விவரங்களை மறைக்காதீர்கள். அடிக்கடி ஓட்டும் இளவயதுக்காரரை விட்டுவிட்டு அப்பாவின் பெயரில் வாங்குவது, வாடகைக்கு ஓட்டும் காரைச் சொந்தப் பயன்பாடு என்பது, பின்னால் பொருத்திய எரிவாயு கிட்டைச் சொல்லாமல் விடுவது, இல்லாத போனஸைக் கேட்பது ஆகிய நான்கும் கிளைம் மறுக்கப்படும் வழக்கமான காரணங்கள். விற்கும்போது யாரும் சரிபார்ப்பதில்லை. கிளைம் வந்தபிறகுதான் பழைய நிறுவனத்துக்குக் கடிதம் போகும்.

கடைசியாக மிஞ்சும் இரண்டு மூன்று நிறுவனங்களை இப்படிச் சோதியுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு கிளைம் எண்ணுக்குக் கூப்பிட்டு, மனிதர் பேச எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: “தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் சென்றால், எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவு இந்தப் பாலிசியில் வருமா? எந்தப் பிரிவின்படி?” பிரிவைக் குறிப்பிட்டு நேராகப் பதில் தருபவர்களுக்கு விலை சற்றுக் கூடினாலும் முன்னுரிமை கொடுங்கள். அந்தப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கே கட்டுங்கள், தனிநபர் கணக்குக்கு வேண்டாம். பாலிசி வந்ததும் அது உண்மையானதா என்று அரசு அல்லது தொழில்துறைத் தரவுத்தளத்தில் பாருங்கள். இந்தியாவில் வாகன் தளத்திலும் பிரிட்டனில் மோட்டார் காப்பீட்டுத் தரவுத்தளத்திலும் இது தெரியும். பதிவு எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள் வகை, காரின் மதிப்பு, போனஸ், கூடுதல் காப்புகளின் பெயர் ஆகியவற்றைப் பதிவுச் சான்றிதழோடு வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சேஸிஸ் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அன்றே எழுதித் திருத்தக் கேளுங்கள். பிரிட்டனில் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு. உங்கள் நாட்டில் அப்படி ஒரு கால அவகாசம் இருந்தால், இந்தச் சரிபார்ப்பை அது முடிவதற்குள் முடித்துவிடுங்கள்.